அழகு மூளையில் இருக்கிறதா: நான்கு நிலைப்பாடுகள், ஓர் ஒப்பீடு

அழகியலில் ஆய்வேடு எழுதுகிறவர்கள், கலை விமர்சகர்கள், மெய்யியல் வகுப்பில் இதைப் பாடமாக நடத்த வேண்டியவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஓவியம் பார்க்கிறவரின் மூளையிலும் இசை கேட்கிறவரின் மூளையிலும் என்ன நடக்கிறது என்று 20 ஆண்டுகளுக்கு மேலாகப் படமெடுத்து வருகிறார்கள். அந்த முடிவுகளை வைத்துக்கொண்டு ‘அழகு என்றால் என்ன’ என்ற பழைய கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாமா? அவற்றைத் தொடவே கூடாதா? பாதி எடுத்துக்கொண்டால், எந்தப் பாதியை எடுப்பது?

இதற்கு நான்கு நிலைப்பாடுகள் உண்டு. குறுக்கல்வாதம்: அழகு என்பது மூளையின் ஒரு நிலை, அவ்வளவுதான். தன்னாட்சிவாதம்: அழகைப் பற்றிய தீர்ப்புக்கும் மூளைக்கும் பேச்சே இல்லை. செயல்வழி நிலைப்பாடு: அழகியல் அனுபவம் தலைக்குள் நடப்பதல்ல, உடலும் சூழலும் சேர்ந்து செய்கிற ஒரு செயல். நான்காவது அடுக்கு நிலைப்பாடு: மூளை அறிவியல் தீர்ப்புச் சொல்லாது, ஆனால் எந்தத் தீர்ப்பு நிற்கும், எது நிற்காது என்பதற்கு வரம்பு கட்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

என் கணிப்பில் நான்கு அளவுகோல்கள் போதும். ஆனால் நான்குக்கும் ஒரே எடை இல்லை.

எல்லாவற்றையும் விடக் கனமானது நியாயம், அதாவது ஒரு தீர்ப்பைக் காரணம் காட்டி நிறுவ முடிவது. ‘இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கிறது’ என்பதும் ‘இது நல்ல பாட்டு’ என்பதும் வேறு வேறு கூற்றுகள். முதலாவதில் தவறு செய்வது கடினம். இரண்டாவதில் தவறு செய்யலாம், வாதிடலாம், பிறகு மனம் மாறலாம். டேவிட் ஹியூம் 1757இல் எழுதிய ரசனைக் கட்டுரையும், இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட தீர்ப்புத்திறன் பற்றிய நூலும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே நிற்கின்றன. எந்த நிலைப்பாடானாலும் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டும். முடியாவிட்டால், அது ஒரு மயக்கம் என்பதையாவது நிறுவிக் காட்ட வேண்டும்.

இரண்டாவது சூழல். 1964இல் ஆண்டி வார்ஹால், பாத்திரம் தேய்க்கும் பிரில்லோ சோப்புப் பஞ்சு அடைத்து வரும் அட்டைப்பெட்டியைப் போலவே ப்ளைவுட்டில் செய்து காட்சிக்கு வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்று கலைப்பொருள், மற்றது சரக்குப்பெட்டி. கண்ணுக்குத் தெரியாத எதுவோ ஒன்று இந்த வேறுபாட்டைச் செய்கிறது என்று மெய்யியலாளர் ஆர்தர் டான்டோ அதே ஆண்டில் வாதிட்டார். விழித்திரையில் விழும் ஒளி ஒன்றாகவே இருக்க அனுபவம் வேறாவது எப்படி என்பதற்கு உங்கள் நிலைப்பாட்டில் பதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது பரப்பு. பெரும்பாலான ஆய்வுகள் ‘எவ்வளவு அழகு?’ அல்லது ‘எவ்வளவு பிடிக்கிறது?’ என்று கேட்டு மதிப்பெண் வாங்குகின்றன. கலை தருவது இன்பம் மட்டும்தானா? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அடுக்கும் எட்டில் அழுகையும் இளிவரலும் அச்சமும் வெகுளியும் உண்டு. ஒரு துன்பியல் நாடகத்தை ‘அழகு: 9க்கு 8’ என்று மதிப்பிடச் சொன்னால், கேள்வியிலேயே பாதி விஷயம் விழுந்துவிடுகிறது.

நான்காவது சான்றுச் செலவு. நீங்கள் சொல்வதை நிறுவ எவ்வளவு தரவு தேவை, இன்றைய கருவிகளால் அது கிடைக்குமா? மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன், நரம்பணுக்களின் துடிப்பை நேரடியாக அளப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைத்தான் அளக்கிறது. அந்த மாற்றம் உச்சத்தைத் தொட 5, 6 நொடி ஆகும். படத்தின் மிகச்சிறிய கட்டமான வாக்ஸல் வழக்கமாக 2 முதல் 3 மில்லிமீட்டர் பக்கம் கொண்டது. அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கும். ஒரு கமகம் அரை நொடியில் வந்து போய்விடும். கருவி பார்க்கும் அளவும் அனுபவம் நிகழும் அளவும் வேறு என்பதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. குறுக்கல்வாதம்

இதன் முன்னோடி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் நரம்பியலாளர் செமிர் ஸெக்கி. ஹிடெயாகி கவாபாட்டாவுடன் சேர்ந்து 2004இல் 10 பேரிடம் அவர் நடத்திய சோதனையில், அழகு என்று அவரவர் சொன்ன ஓவியங்களைப் பார்க்கும்போது கண்குழிக்கு மேலே உள்ள முன்மூளைப் புறணியின் நடுப்பகுதி (இனி ‘கண்குழிப் புறணி’ என்கிறேன்) கூடுதலாகச் செயல்பட்டது. 2011இல் தொமோஹிரோ இஷிசுவுடன் 21 பேரிடம் ஓவியத்தையும் இசையையும் சேர்த்துச் சோதித்தார். அழகு, சாதாரணம், அழகின்மை என்று மூன்றாகப் பிரித்ததில், அழகுக்கு மட்டும் இரண்டு கலைகளிலும் அதே பகுதி பொதுவாக வந்தது. 2014இல் 15 கணிதவியலாளர்களிடம் 60 சமன்பாடுகளைக் காட்டியபோதும் அதே பகுதிதான். ஆய்லரின் சமன்பாடு மிக அழகானதாகவும், π-இன் தலைகீழுக்கு ராமானுஜன் தந்த முடிவிலாத் தொடர் மிக அழகற்றதாகவும் மதிப்பெண் பெற்றன.

இதன் கவர்ச்சி புரிகிறது. ஓவியம், இசை, கணிதம் எல்லாவற்றையும் ‘அழகு’ என்ற ஒரே சொல்லால் ஏன் அழைக்கிறோம் என்ற இரண்டாயிரம் ஆண்டுக் கேள்விக்கு, ‘மூளையில் ஒரே இடம்’ என்ற தெளிவான விடை கிடைப்பதுபோல் இருக்கிறது.

சிக்கல் அந்தத் தெளிவில்தான். கண்குழிப் புறணி சாப்பாட்டுக்கும், பணம் கிடைக்கும் எதிர்பார்ப்புக்கும், கவர்ச்சியான முகத்துக்கும்கூடச் செயல்படும். ஆகவே ‘இந்தப் பகுதி செயல்பட்டது, எனவே இவர் அழகை உணர்ந்தார்’ என்று பின்னோக்கி ஊகிக்க முடியாது. ரஸல் போல்ட்ராக் 2006இல் இந்தத் தவறை விரிவாகப் பிரித்துக் காட்டினார்: ஒரு பகுதி எத்தனை வேலைகளுக்குப் பயன்படுகிறதோ, அந்த அளவுக்குப் பின்னோக்கிய ஊகம் பலவீனமாகும். குறுக்கல்வாதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அழகும் மதிய உணவும் ஒரே வகை மதிப்பு என்று ஒப்புக்கொள்ளலாம். அல்லது இரண்டையும் பிரித்துக் காட்டும் நுண்ணிய அமைப்பு ஒன்றைத் தேடலாம். முதல் வழியில் விளக்க வேண்டிய பொருளே கைநழுவுகிறது. இரண்டாவது வழிக்குக் கருவியின் நுட்பம் போதவில்லை.

நியாயம் என்ற அளவுகோலில் இது இன்னும் கடுமையாக அடிவாங்குகிறது. 2019இல் லாரா ஃபெர்ரெரியும் குழுவினரும் 27 பேரை வைத்து நடத்திய சோதனையை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொருவரும் மூன்று முறை வந்தார்கள். ஒருமுறை, மூளையில் இன்பத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புள்ள வேதிப்பொருளான டோபமைனைக் கூட்டும் லெவோடோபா, ஒருமுறை டோபமைன் ஏற்பிகளைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன், ஒருமுறை மருந்தில்லாத போலி மாத்திரை. ஒவ்வொரு முறையும் பாட்டுக் கேட்கவிட்டு, உணர்ச்சிக் கிளர்ச்சியைக் காட்டும் தோலின் மின்கடத்துதிறனையும் அவர்கள் சொன்ன இன்பத்தின் அளவையும், அந்தப் பாட்டுக்குக் காசு தர எவ்வளவு தயார் என்பதையும் அளந்தார்கள். லெவோடோபா எடுத்தபோது இன்பம் கூடியது. ரிஸ்பெரிடோன் எடுத்தபோது குறைந்தது.

இசை இன்பத்தில் டோபமைன் வெறுமனே கூட வருவதல்ல, காரணமாகவே இருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் மாத்திரைக்கு முன்னும் பின்னும் பாட்டு ஒன்றுதான். இன்பம் கூடியதால் பாட்டு மேலும் நல்லதாகிவிட்டதா? இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வோம். அப்படிச் சொல்லும் கணத்திலேயே பாட்டின் நன்மையும் மூளையின் இன்ப அளவும் வேறு வேறு என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். ‘ஆமாம், நல்லதாகிவிட்டது’ என்று துணிகிற குறுக்கல்வாதி முரணில்லாமல் இருக்கலாம். ஆனால் விமர்சனம் என்ற துறையை மொத்தமாகக் கைவிட வேண்டியிருக்கும். இதுதான் இந்த நிலைப்பாட்டின் மறைமுகச் செலவு. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் இது தெரியாது. எந்தப் படைப்பு மேலானது என்று பேசவேண்டிய கடைசி அத்தியாயத்தில்தான் வந்து நிற்கும்.

வி.எஸ். ராமச்சந்திரனும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1999இல் முன்வைத்த எட்டு விதிகளுக்கும் இது பொருந்தும். ஒரு வடிவத்தின் தனித்தன்மையை மிகைப்படுத்தினால் மூளை கூடுதலாக எதிர்வினை காட்டும் என்ற விதிக்கு, சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனியை அவர்கள் உதாரணம் காட்டினார்கள். திருமேனி ஏன் கண்ணை ஈர்க்கிறது என்பதில் ஒரு பங்கை இது விளக்கலாம். அதே மிகைப்படுத்தல் உள்ள இரண்டு சிலைகளில் ஒன்று உயிரோடும் மற்றது மரத்தனமாகவும் நிற்பது ஏன் என்று கேட்டால் விதியிடம் பதில் இல்லை.

எப்போது இதுவே சிறந்தது: உங்கள் கேள்வி இன்பத்தைப் பற்றியதாக இருந்தால், கலைத்தரத்தைப் பற்றியதாக இல்லாவிட்டால். சிலிர்ப்பு ஏன் வருகிறது, சிலருக்கு ஏன் வருவதில்லை, மருந்தோ நோயோ இசை இன்பத்தை ஏன் மாற்றுகிறது என்பவற்றுக்கு இதைவிடக் கூர்மையான சட்டகம் இல்லை.

## 2. தன்னாட்சிவாதம்

1938இல் கேம்பிரிட்ஜில் அழகியல் பற்றிப் பேசிய மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன், அழகியல் குழப்பங்களுக்குக் காரண காரிய விளக்கம் விடையாகாது என்றார். ‘இந்த இடத்தில் இசை ஏன் சறுக்குகிறது?’ என்று கேட்பவருக்கு வேண்டியது, ‘இரண்டாம் அடியை இன்னும் நிறுத்திப் பாடிப் பாருங்கள்’ என்பது போன்ற பதில். நரம்பணுப் பட்டியல் அல்ல. அழகியலுக்கு உளவியலே தேவையில்லை என்று ஜார்ஜ் டிக்கி 1962இல் வாதிட்டார்.

நியாயம் என்ற அளவுகோலில் நான்கு நிலைப்பாடுகளிலும் இதற்கே முதலிடம். சான்றுச் செலவும் குறைவு. ஸ்கேனர் வேண்டாம், உன்னிப்பான கவனிப்பு போதும். சூழலும் எளிதாக உள்ளே வருகிறது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? தன்னாட்சி பேசும் பலரும் மூளையையும் மனத்தையும் பற்றிய அனுபவக் கூற்றுகளைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஹியூமின் ‘உண்மை நடுவர்’ நுண்ணுணர்வும் பயிற்சியும் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவமும் நல்லறிவும் கொண்டவர், முன்முடிவு இல்லாதவர். இவை ஒவ்வொன்றும் மனித மனம் பற்றிய, சோதிக்கத்தக்க கூற்று. நல்ல படைப்பு பலமுறை பார்த்தாலும் தாங்கும் என்று நாம் நம்புவதும் அப்படித்தான்.

இதை உண்மையிலேயே சோதித்திருக்கிறார்கள். ஜேம்ஸ் கட்டிங் 2003இல், வகுப்பில் அடிக்கடி கண்ணில் பட்ட ஓவியங்களையே மாணவர்கள் பின்னர் கூடுதலாக விரும்பினார்கள் என்று காட்டினார். சிறந்த ஓவியங்கள் என்று நாம் போற்றும் பட்டியலே அடிக்கடி பார்த்த பழக்கத்தின் விளைவோ என்ற சங்கடமான கேள்வி எழுந்தது. ஏரன் மெஸ்கினும் கூட்டாளிகளும் 2013இல் அதை வேறுவிதமாகச் சோதித்தார்கள். விமர்சகர்கள் மட்டமாகக் கருதும் ஜனரஞ்சக ஓவியர் தாமஸ் கின்கேடின் படங்களையும், அவர்கள் மதிக்கும் ஓவியர் ஜான் எவரெட் மில்லேயின் படங்களையும் திரும்பத் திரும்பக் காட்டியதில், கின்கேட் படங்கள் மீதான விருப்பம் குறைந்தது. மில்லேயுக்கு அப்படிக் குறையவில்லை. பழக்கம் மட்டுமே ரசனையை ஆளவில்லை, படைப்பின் தரமும் பார்க்கிறவரிடம் வேலை செய்கிறது என்ற வாதத்துக்கு இது கை கொடுக்கிறது. தன்னாட்சிவாதிக்கு மிகவும் சாதகமான சான்று இது. ஆனால் சோதனை எதுவும் வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர் இதை எடுத்துக்கொள்ள முடியாது.

எப்போது இதுவே சிறந்தது: குறிப்பிட்ட ஒரு படைப்பை விளக்கும்போதும் மதிப்பிடும்போதும். விமர்சனக் கட்டுரையில் கண்குழிப் புறணியைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தால், கூடுவது பக்கம் மட்டுமே.

## 3. செயல்வழி நிலைப்பாடு

மெய்யியலாளர் ஆல்வா நோயி இதன் அறியப்பட்ட குரல். பார்ப்பது என்பது மூளைக்குள் படம் உருவாவது அல்ல. நகர்ந்து, திரும்பி, நெருங்கி நாம் செய்கிற ஒன்று. கலை அந்தச் செய்கையையே நம் கவனத்துக்குக் கொண்டுவந்து மாற்றியமைக்கிறது.

ஆய்வுக்கூடச் சூழல் மீது இவர்கள் வைக்கும் விமர்சனம் கூர்மையானது. ஸ்கேனருக்குள் மல்லாந்து படுத்து, தலையை அசைக்காமல், 100 டெசிபலைத் தாண்டும் இரைச்சலுக்கு நடுவே, கண்ணாடியில் பிரதிபலிக்கும் ஓவியத்தைச் சில நொடி பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவது அழகியல் அனுபவம்தானா? சிற்பத்தைச் சுற்றி வரவும் கட்டடத்துக்குள் நடக்கவும் அங்கே வழியில்லை. பீட்ரிஸ் கால்வோ-மெரினோவின் 2005 ஆய்வு இந்தத் தரப்புக்குப் பொருத்தமானது: பாலே ஆடுபவர்களும், நடனமும் தற்காப்புக் கலையும் கலந்த பிரேசிலியக் கலையான கபோய்ரா ஆடுபவர்களும் இரண்டு வகை அசைவுகளையும் பார்த்தபோது, தாங்கள் பயின்ற வகையைப் பார்க்கும்போதே அவர்களின் இயக்கப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. உடல் கற்றது கண்ணின் பார்வையை மாற்றுகிறது. ஆனால் இந்தச் சான்றும் ஸ்கேனரிலிருந்தே வந்தது என்பதை மறக்கக்கூடாது.

குறை: எந்தச் சோதனை முடிவு வந்தால் இது பொய்யாகும் என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது அரிது. நடனம், நாடகம், கட்டடக்கலை, நிறுவல் கலை பற்றி எழுதுகிறவர்களுக்கு முதல் தேர்வு இதுவே. கேட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் இசை ரசிகரையும், மனதுக்குள் கவிதை வாசிப்பவரையும் விளக்கும்போது இது திணறுகிறது.

## 4. அடுக்கு நிலைப்பாடு

அஞ்சன் சாட்டர்ஜியும் ஓஷின் வார்ட்டானியனும் 2014இல் முன்வைத்த ‘அழகியல் மும்மை’யில் மூன்று கூறுகள் உண்டு: புலனும் இயக்கமும், உணர்ச்சியும் மதிப்பீடும், பொருளும் அறிவும். அனுபவம் இவற்றின் இடையாட்டத்தில் பிறக்கிறது. ‘அழகு மையம்’ என்று எதுவும் இல்லை. ஸ்டீவன் பிரவுனும் குழுவினரும் 2011இல் 93 மூளைப்பட ஆய்வுகளைத் தொகுத்தபோது, நான்கு புலன்களுக்கும் பொதுவாக மிக அழுத்தமாக வந்தது, மூளைப் புறணியின் உள்மடிப்பில் இருக்கும் முன் இன்சுலா என்ற பகுதி. அது கலைக்கென்று தனியாக ஏற்பட்ட பகுதி அல்ல. தனி மையம் இல்லை என்ற வாதத்துக்கு இது பலம்.

மெய்யியல் நோக்கில் இந்த நிலைப்பாட்டின் பயன், அது கேள்விகளைப் பிளக்கும் விதத்தில் இருக்கிறது. மூன்று இடங்களில் அதைப் பார்க்கலாம்.

*சூழல்.* உல்ரிச் கெர்க்கும் குழுவினரும் 2009இல் அரூபப் படங்களைக் காட்டி, சிலவற்றைக் கலைக்கூடத்திலிருந்து வந்தவை என்றும் சிலவற்றைக் கணினி உருவாக்கியவை என்றும் சொன்னார்கள். கலைக்கூடம் என்ற பெயர் பெற்றவைக்கு மதிப்பெண் கூடியது; கண்குழிப் புறணியின் செயல்பாடும் கூடியது. டான்டோ சொன்ன ‘கண்ணுக்குத் தெரியாத ஒன்று’ அனுபவம் முடிந்தபின் ஒட்டப்படும் சீட்டு அல்ல, மதிப்பீட்டுக்குள்ளேயே புகுந்து வேலை செய்கிறது என்பது இதனால் தெரிகிறது. ஆனால் அந்தப் பாதிப்பு நியாயமானதா, வெறும் ஏமாற்றா என்பதை ஸ்கேன் சொல்லாது. அதற்குத் திரும்பவும் வாதம்தான் வேண்டும்.

*பற்றின்மை.* அழகின் இன்பம் ஆசை கலவாதது என்றார் காண்ட். இன்பமும் ஆசையும் மூளையின் ஒரே பரிசு அமைப்பில்தானே நடக்கின்றன என்று சொல்லி அவரை ஒரே அடியில் தள்ளிவிட நினைப்பவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். ‘விரும்பிச் சுவைப்பது’, ‘வேண்டுமென்று நாடுவது’ இரண்டும் மூளையில் பிரிக்கத்தக்க செயல்கள் என்று கென்ட் பெரிட்ஜின் நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. நாடாமல் சுவைப்பது இயலும் என்றால், காண்ட் சொன்னது உடற்கூற்று அளவிலாவது சாத்தியமே. அது உண்மை என்று இதனால் நிரூபணம் ஆகாது. சாத்தியமில்லை என்ற எதிர்வாதம் மட்டுமே விழுகிறது.

*தகுதி.* இசையில் மட்டும் இன்பம் உணராத நிலையான ‘இசை இன்பமின்மை’ உள்ளவர்கள் சுருதி பிசகுவதைச் சரியாகப் பிடிக்கிறார்கள். பணப் பரிசில் வழக்கமான மகிழ்ச்சி அடைகிறார்கள். இசையில் மட்டும் இன்பம் இல்லை. எர்னஸ்ட் மாஸ்-எர்ரெரோவின் குழு 2014இல் இதைப் பதிவு செய்தது. இப்படிப்பட்ட ஒருவர், பயிற்சியும் இருந்தால், ‘இது சிறந்த கச்சேரி’ என்று சொல்லத் தகுதி உள்ளவரா? நேரில் அனுபவிக்காமல் அழகியல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்ற கொள்கையை ரிச்சர்ட் வால்ஹைம் 1980இல் வகுத்தார். இவர் நேரில் கேட்டார். இன்பம் மட்டும் இல்லை. ‘அனுபவம்’ என்பதில் இன்பம் கட்டாயமா என்ற கேள்வியை மெய்யியலாளர்கள் இதுவரை கற்பனை மனிதர்களை வைத்துப் பேசினார்கள். இப்போது உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள். இந்தத் துறை மெய்யியலுக்குக் கொடுத்ததிலேயே அருமையானது இதுதான் என்பது என் எண்ணம்.

இந்த நிலைப்பாட்டின் மறைமுகச் செலவு மழுப்பல். ‘எல்லாமே பங்களிக்கிறது’ என்று முடித்துவிட்டால் அது நிலைப்பாடே அல்ல. தடுக்க ஒரு வழி உண்டு: அறிவியல் முடிவை மேற்கோள் காட்டும் ஒவ்வோர் இடத்திலும், அது தலைகீழாக வந்திருந்தால் உங்கள் வாதத்தில் எந்த வாக்கியம் விழும் என்று ஓரத்தில் எழுதுங்கள். எந்த வாக்கியமும் விழாது என்றால் அந்த மேற்கோள் அலங்காரம், எடுத்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | நியாயம் | சூழல் | பரப்பு | சான்றுச் செலவு |
|---|---|---|---|---|
| குறுக்கல்வாதம் | தோற்கிறது | கடினம் | இன்பம் மட்டும் | மிக அதிகம் |
| தன்னாட்சிவாதம் | வலுவானது | வலுவானது | விரிந்தது | குறைவு. மறைந்த அனுமானங்கள் உண்டு |
| செயல்வழி | நடுத்தரம் | வலுவானது | உடல்சார் கலைகளில் சிறப்பு | சோதிப்பது கடினம் |
| அடுக்கு | கடன் வாங்க வேண்டும் | வலுவானது | விரிந்தது | நடுத்தரம் முதல் அதிகம் |

அடுக்கு நிலைப்பாட்டின் முதல் கட்டத்தில் உள்ள ‘கடன்’ முக்கியம். நியாயத்தை அது தானாக உண்டாக்காது. தன்னாட்சிவாதியிடமிருந்து வாங்கியாக வேண்டும். அதை மறைக்காமல் சொல்லிவிட்டால், பெரும்பாலான ஆய்வேடுகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

## எந்தப் பக்கம் போனாலும், ஆய்வைக் கையில் எடுக்கும்முன்

பங்கேற்றவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள். ‘அழகு’, ‘விருப்பம்’, ‘நெகிழ்வு’ மூன்றும் ஒன்றல்ல. எட்வர்ட் வெஸ்ஸலும் கூட்டாளிகளும் 2012இல் 16 பேரிடம் ‘எவ்வளவு நெகிழ்ந்தீர்கள்’ என்று கேட்டு 109 ஓவியங்களைக் காட்டியபோது, தன்னை நோக்கிய சிந்தனையோடு தொடர்புள்ள இயல்புநிலை வலையமைப்பு மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற படங்களுக்கு மட்டும் எழும்பியது. கேள்வியை மாற்றினால் காட்சியும் மாறும்.

அடுத்து, புள்ளியியல் திருத்தம் செய்தார்களா? ஆயிரக்கணக்கான கட்டங்களை ஒரே நேரத்தில் சோதித்தால், சில தற்செயலாகவே ‘செயல்படுவதாக’ வரும்; அதைக் களையவே இந்தத் திருத்தம். கிரேக் பென்னெட் குழு 2009இல் இறந்துபோன ஒரு சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து மனிதர்களின் படங்களைக் ‘காட்டியது’. ஆயிரக்கணக்கான ஒப்பீடுகளுக்கான திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது, 8064 வாக்ஸல்களில் 16 ‘செயல்படுவதாக’ வந்தது. திருத்தம் செய்ததும் மறைந்தது. பழைய சிறிய ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த மீனை நினைவில் வையுங்கள்.

உங்கள் நடையையும் சோதியுங்கள். ‘கண்குழிப் புறணி அழகை உணர்கிறது’ என்று எழுதினால், மனிதர் செய்வதை அவரின் ஓர் உறுப்பின் மேல் ஏற்றிவிட்டீர்கள். மேக்ஸ் பென்னெட்டும் பீட்டர் ஹேக்கரும் 2003இல் இந்தப் பிழையைத்தான் நீளமாக விவரித்தார்கள். ‘ஒருவர் அழகு என்று மதிப்பிடும்போது இந்தப் பகுதியின் செயல்பாடு கூடுகிறது’ என்பது நீளமான வாக்கியம்தான். ஆனால் சான்று தாங்குவது அவ்வளவே.

கடைசியாக, இரண்டைக் கலக்க நினைப்பவர்களுக்கு. அடுக்கும் செயல்வழியும் சேரும். அப்போது ஸ்கேனர் சான்றோடு நடமாட்டத்தில் எடுக்கப்படும் அளவீடுகளையும், உதாரணமாகக் கண் அசைவு, இதயத்துடிப்பு, தோலின் மின்கடத்துதிறன் போன்றவற்றையும், சேர்த்துப் படியுங்கள். அடுக்கும் தன்னாட்சியும் சேரும். நியாயம் பேசும் அத்தியாயத்தையும் காரணம் பேசும் அத்தியாயத்தையும் பிரித்து வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் ஒவ்வோர் இடத்திலும் தனியாக ஒரு வாதம் கொடுக்க வேண்டும். குறுக்கல்வாதமும் தன்னாட்சியும் சேராது. மேலே சொன்ன லெவோடோபா மாத்திரைச் சோதனையைப் பற்றி இரண்டும் எதிரெதிரான பதில் சொல்லும். ஒரே ஆய்வேட்டில் இரண்டையும் வைத்தால் தேர்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.